இடை சரி, வீச்சுத்தான் பிழை

முப்பத்தொரு ஆண்டுகள் திருகோணமலையில் சாதாரண தர மாணவிகளுக்குக் கணிதம் கற்பித்தவள் நான். புள்ளிவிபரப் பாடத்தில் இடை, இடையம், ஆகாரம், வீச்சு என்பவற்றைத் தொடங்கும்போது ஆண்டுதோறும் ஒரே உதாரணத்தைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். ஒரு பிள்ளை மூன்று தவணைகளிலும் 50, 50, 50 புள்ளி எடுத்தாள். இன்னொரு பிள்ளை 5, 50, 95 எடுத்தாள். இருவருக்கும் இடை, அதாவது சராசரி, 50. வீச்சு, அதாவது மிகக் கூடிய புள்ளிக்கும் மிகக் குறைந்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசம், முதலாமவளுக்கு 0, மற்றவளுக்கு 90. இருவரும் ஒரே மாதிரியான பிள்ளைகளா என்று கேட்பேன். வகுப்பு முழுவதும் "இல்லை, ரீச்சர்" என்று சொல்லும். இவ்வளவையும் சொல்லிக் கொடுத்த நான், நீரிழிவு இருப்பதாக 2009ஆம் ஆண்டு அறிந்த நாளிலிருந்து பதின்மூன்று ஆண்டுகளாக, கிளினிக் கொப்பியில் எழுதப்படும் ஓர் இடையை மட்டும் பார்த்து மனம் நிறைந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன் என்பதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த இடைக்கு எச்.பி.ஏ.வன்.சி. என்று பெயர். செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபினில் எத்தனை வீதத்தில் குளுக்கோசு ஒட்டியிருக்கிறது என்பதை அந்தப் பரிசோதனை காட்டும். ஒரு செங்குழியத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள் என்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எவ்வளவு இருந்தது என்பதை அதிலிருந்து கணித்துவிடலாம். 2022இல் எனக்கு அது 7.1 வீதம், டெசிலீற்றருக்கு 157 மில்லிகிராம் என்ற சராசரிக்கு அது சமம். என் வயதுக்கு இது நல்ல பெறுபேறு என்றுதான் யாரும் சொல்வார்கள், சொன்னார்கள். மாதந்தோறும் பார்க்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் 100ஐ ஒட்டியே இருந்தது.

அது அப்படி இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கிளினிக் வரிசையில் நிற்கும் பலருக்கும் அது தெரிந்த இரகசியம். திகதிக்கு மூன்று நாள் முன்பே சோற்றைக் குறைத்துக்கொள்வேன். முதல்நாள் இரவு இரண்டு துண்டு பாணோடு படுத்துவிடுவேன். காலையில் இரத்தம் கொடுத்து, மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் முதலில் கண்ட கடையில் இரண்டு உளுந்து வடையும் சீனி போட்ட பால்தேநீரும். பரீட்சைக்கு முதல்நாள் மாத்திரம் புத்தகத்தைத் தொடும் பிள்ளைகளை எத்தனை தடவை ஏசியிருப்பேன்! நான் செய்ததும் அதுதான். வைத்தியரை ஏமாற்றும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. நல்ல புள்ளி வாங்க வேண்டும் என்ற பழைய ஆசைதான்.

2022 ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாட்களும் பகலில் நீராகாரம், இரவில் பாலும் பழமும் என்பது என் தாயார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். விரதம் என்பதற்காக மருந்தை விடக்கூடாது என்று எண்ணி, காலையிலும் மாலையிலும் கிளிக்லசைட் மாத்திரையை வழக்கம்போல் விழுங்கினேன். மெற்போமின் என்ற மற்ற நீரிழிவு மாத்திரை போன்றதல்ல கிளிக்லசைட். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. வயிற்றுக்குள் சாப்பாடு வருகிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. மூன்றாம் நாள் விடியப்புறம் இரவுச்சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்து, நெஞ்சு படபடக்க எழுந்தேன். அவ்வாண்டு மருந்துப் பொருட்களுக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புகளைச் சேமித்து வைத்திருந்ததால் பார்க்காமலே, சர்க்கரை இறங்கிவிட்டது என்று முடிவு செய்து, சீனி அள்ளிப் போட்ட தேநீர் இரண்டு குவளை குடித்தேன். அதற்கு மேல் அரைப் பைக்கற் பிஸ்கட்டும் போனது. முருகன் பொறுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். பொறுத்துக்கொள்ளாதது என் இரத்தக் குழாய்கள்.

ஏழாம் நாள் பாறணை, விரதத்தை முடித்துச் சாப்பிடும் நாள். சோறு, பருப்பு, பூசணிக்காய், பயற்றங்காய், வடை, பாயாசம், வாழைப்பழம் என்று ஆறு நாள் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். அன்று மாலை மகளோடு கோணேசர் கோயிலுக்குப் போனோம். பிரட்றிக் கோட்டை வாசலில் இறங்கி, கடைகளைத் தாண்டி மேலே ஏறும் பாதையில் பாதித் தூரம் போவதற்குள் மூச்சு முட்டியது. நெற்றியிலும் கழுத்திலும் குளிர்ந்த வியர்வை. தாடையில் இனம்புரியாத ஓர் இறுக்கம். நெஞ்சு நோகவில்லை. மூன்றாம் நாள் விடியப்புறம் வந்த அதே வியர்வை என்பதால் அதே நோய் என்று தீர்மானித்தேன். ஒரு கடைக்காரர் வாங்கிலை இழுத்துப் போட்டு, ஒறேஞ் சோடா ஒன்றை உடைத்துத் தந்தார். அதை முழுவதும் குடித்துவிட்டு, ஓட்டோவில் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அடுத்த நாள் காலை சத்தி எடுத்து, நாலடி நடந்தால் இளைக்கும் நிலை வந்தபோதுதான் மகள் என் விரலைப் பிடித்துக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை 312. இறங்கியிருக்கவில்லை. அவள் 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலக்கத்துக்கு அழைத்தாள், அம்புலன்ஸ் வந்தது. மாலையிலிருந்து காலை வரை கிட்டத்தட்டப் பதினான்கு மணித்தியாலங்களை நான் ஒரு சோடாவை நம்பிக் கழித்திருந்தேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஈ.சி.ஜி. வயர்களை ஒட்டிய தாதி என்னிடம் படித்த பிள்ளை. "நெஞ்சு நோவு இருந்ததா, ரீச்சர்?" என்று மூன்று தரம் கேட்டாள், இல்லை என்று மூன்று தரமும் சொன்னேன். இரத்தத்தில் ட்ரோபோனின் கூடியிருந்தது. இதயத் தசைக்குச் சேதம் ஏற்பட்டால் இரத்தத்தில் கசியும் புரதம் அது. மாரடைப்புத்தான். பின்னர் வேறொரு நகரில் அஞ்சியோகிராம் செய்து, இரண்டு குழாய்கள் ஒடுங்கியிருப்பதைக் கண்டு, ஒன்றில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

நோவு வராததற்கான காரணத்தை இதய வைத்தியர் விளக்கினார். பல ஆண்டு நீரிழிவு, கால் விறைக்கச் செய்வதைப்போலவே, இதயத்துக்குப் போய்வரும் தன்னாட்சி நரம்புகளையும், அதாவது நாம் எண்ணாமலே தாமாக இயங்கும் நரம்புகளையும், பழுதாக்கிவிடும். அதனால் மாரடைப்பு நோவில்லாமல் வரலாம். மூச்சிளைப்பு, வியர்வை, சத்தி, அளவுக்கு மீறிய களைப்பு மட்டுமே அடையாளமாக இருக்கலாம். சும்மா இருக்கும்போதே என் நாடித்துடிப்பு பல காலமாக 96, 98 என்று இருந்தது. அதுவும் அந்த நரம்புப் பழுதின் ஓர் அறிகுறியாக இருக்கக்கூடும் என்றார். கொப்பியில் அந்த எண் ஒவ்வொரு மாதமும் எழுதப்பட்டிருந்தது. நானும் பார்க்கவில்லை, வேறு எவரும் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை.

வீடு திரும்பியபின் அவர் சொன்னபடி ஒரு நாள் முழுவதும் ஏழு தடவை சர்க்கரை பார்த்தேன். விடியப்புறம் நாலு மணிக்கு 58, எழும்பியதும் 96, பன்னிரண்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தின் பின் 268, மதியச் சாப்பாட்டுக்கு முன் 131, பின் 241, இரவுச் சாப்பாட்டுக்கு முன் 142, படுக்கும்போது 188. கூட்டினால் 1124, ஏழால் வகுத்தால் 160.6. ஏ.வன்.சி. சொன்ன 157க்கு எவ்வளவு கிட்ட! பொய் சொல்லாத இடை. ஆனால் வீச்சு 210. தம்பலகாமத்திலுள்ள என் தங்கையும் நீரிழிவுக்காரிதான். அவளையும் ஒரு நாள் அப்படிப் பார்க்கச் சொன்னேன். 118, 124, 182, 138, 190, 145, 168; இடை 152, வீச்சு 72. கிளினிக் கொப்பியில் நாங்கள் இருவரும் ஏறத்தாழ ஒரே நோயாளி.

இந்த வீச்சு இதயத்துக்கு என்ன செய்கிறது என்பதை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். இரத்தக் குழாயின் உட்புறத்தை ஒரே ஒரு கலத்தின் தடிப்பில் ஒரு படலம் மூடியிருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை எகிறும்போது தசைக் கலங்கள் இன்சுலின் வந்து கதவைத் திறக்கும்வரை காத்திருக்கும். இந்தப் படலத்தின் கலங்களுக்கு அந்தக் கதவு இல்லை, வெளியே எவ்வளவு குளுக்கோசு இருக்கிறதோ அதற்கேற்ப உள்ளேயும் ஏறிவிடும். அதை எரிக்கும் அவசரத்தில் கலத்துக்குள் தீங்கான ஒட்சிசன் மூலிகங்கள் பெருகுகின்றன. குழாயைத் தளர்த்தி விரிய வைக்கும் நைத்திரிக்கு ஒட்சைட்டு குறைகிறது. படலம் அழற்சியடைந்து, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். சுவருக்குள் புகுந்து படிய இடம் கொடுக்கிறது. குருதிச் சிறுதட்டுகளும் இலகுவாக ஒட்டத் தொடங்குகின்றன. எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும் சர்க்கரையைவிட ஏறி ஏறி இறங்கும் சர்க்கரை, அந்த ஒட்சிசன் மூலிகங்களால் வரும் ஒட்சியேற்றத்தைக் கூடுதலாகத் தூண்டலாம் என்று 2006இல் பிரான்சு ஆய்வாளர்கள் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 21 பேரைப் பரிசோதித்து எழுதினார்கள். 21 பேர் என்பது மிகச் சிறிய மாதிரி என்பதைக் கணித ஆசிரியையாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். சர்க்கரையின் தளம்பலும் இதய நோயும் சேர்ந்து காணப்படுவதைப் பின்னர் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தளம்பலை மட்டும் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்பது இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை.

ஏற்றத்தைவிட எனக்குப் பயத்தைத் தந்தது இறக்கம். சர்க்கரை 70க்குக் கீழே போனால் தாழ்வு. 54க்குக் கீழே போனால் அது ஆபத்தானது. அப்போது உடல் அதிரினலீனைக் கொட்டுகிறது. நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இரத்தத்திலுள்ள பொட்டாசியம் குறைகிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மின்னளவில் மீளும் நேரம் நீள்கிறது. இவையெல்லாம் சேர்ந்து துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியவை. ஏற்கெனவே ஒடுங்கிய குழாய்களை வைத்துக்கொண்டு, விடியப்புறம் நாலு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடியே என் இதயத்தை நான் மலையேற வைத்திருக்கிறேன்.

தாழ்வு எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகம் பெரிய விலை கொடுத்தே கற்றது. இதய ஆபத்துக் கூடிய 10,251 நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு வட அமெரிக்காவில் நடந்த அக்கோர்ட் என்ற ஆய்வில், ஒரு பகுதியினருக்கு ஏ.வன்.சி.யை 6 வீதத்துக்குக் கீழே கொண்டுவரும்படி மருந்துகள் கூட்டப்பட்டன. அந்தப் பகுதியில் 257 பேரும், சாதாரண இலக்கு வைத்திருந்த பகுதியில் 203 பேரும் இறந்த நிலையில், 2008 பெப்ரவரியில் அந்தத் தீவிர சிகிச்சை நிறுத்தப்பட்டது. கடும் தாழ்வுகள்தான் அந்த மரணங்களுக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆயினும் கடும் தாழ்வு ஏற்பட்டவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்தது. அதற்காகச் சர்க்கரையைக் கவனியாமல் விடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய் கண்ட தொடக்கத்திலேயே நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பத்து ஆண்டுகள் கழிந்த பின்னும் மாரடைப்பு குறைவாக இருந்ததை பிரித்தானியாவின் நீண்டகால ஆய்வு அதே 2008இல் காட்டியது. தொடக்கத்தில் அலட்சியமாக இருந்துவிட்டு, கடைசியில் அடிமட்டத்துக்கு அமுக்குவதுதான் பிழை. நான் இரண்டையும் செய்தவள்.

இப்போது என்ன செய்கிறேன் என்பதைச் சொல்கிறேன். மருந்தின் அளவுகள் எனக்கென்று வைத்தியர் தீர்மானித்தவை, மற்றவர் பின்பற்றுவதற்கல்ல. மாலைக் கிளிக்லசைட்டை அவர் முதலிலேயே நிறுத்தினார். நாலு மணித் தாழ்வு இரண்டு வாரத்தில் போய்விட்டது. எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையைச் சேர்த்தார். இதய நோயுள்ள நீரிழிவு நோயாளிகளில் இதயம் சார்ந்த மரணங்களை அது 38 வீதம் குறைத்ததாக 2015இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. ஆனால் பட்டினி கிடக்கும்போதும் சத்தி, வயிற்றோட்டம் உள்ளபோதும் அதை நிறுத்திவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. கொழுப்புக்கு அற்றோவாஸ்ரற்றின், இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின். சர்க்கரையை மட்டும் பிடித்துக்கொண்டு இரத்த அழுத்தத்தையும் எல்.டி.எல்.லையும் விட்டால் பயனில்லை என்பதில் அவர் மிகக் கண்டிப்பாக இருந்தார்.

நாடியைக் குறைக்க பைசோப்ரலோல் தந்தபோது அவர் சொன்ன ஒன்றை நீரிழிவும் இதய நோயும் சேர்ந்தவர்கள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வகை மருந்து, சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. ஆகவே காரணமில்லாமல் வியர்த்தால் இப்போது என் வீட்டில் முதல் வேலை விரலைக் குத்துவது. 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோசு மாவை அரைக் குவளை நீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்து, மீண்டும் பார்ப்பது. இந்தப் பதினைந்து நிமிடம் பொறுப்பதுதான் கடினம்; பயத்தில் மேலும் மேலும் இனிப்பை விழுங்கினால் 58 ஒரு மணித்தியாலத்தில் 300 ஆகும், அதுதான் என் பழைய கதை. சொக்கிலேற் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். 70க்கு மேலே இருந்து வியர்க்கிறதா, மூச்சிளைக்கிறதா? சோடா தேடக்கூடாது, 1990ஐ அழைக்க வேண்டும்.

சாப்பாட்டில் பெரிய தியாகம் எதையும் நான் செய்யவில்லை. பன்னிரண்டு இடியப்பம் ஐந்தாகியது. சொதி மட்டும் என்பது பருப்பும் வல்லாரைச் சம்பலும் ஒரு முட்டையும் ஆகியது. மதியத்தில் மரக்கறியையும் மீனையும் பாதி முடித்த பின்தான் சோற்றில் கை வைக்கிறேன். குத்தரிசிச் சோறு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. என் மீற்றர் அதை ஏற்கவில்லை. சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் பதினைந்து இருபது நிமிடம் நடப்பது எனக்கு எந்தப் பத்தியத்தையும்விடப் பலன் தந்தது. மாலையில் டச் குடாக் கரையில் நடக்கிறேன். குப்பைக் கூடைக்குள் தலையை விட்டு வாழைப்பழத் தோல் தேடும் மான்களும் என்னோடு நடக்கும். இரவில் முற்றத்தைச் சுற்றி வருகிறேன். காலைச் சாப்பாட்டின் பின்னான 268, இப்போது பெரும்பாலும் 170க்கும் 185க்கும் இடையில் நிற்கிறது.

மீற்றர் பற்றியும் ஒரு சொல். ஒருநாள் பூசைக்கு மாம்பழம் வெட்டிய கையோடு குத்திப் பார்த்தேன். 290 என்று காட்டியது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், 164. விரல் நுனியில் ஒட்டியிருந்த மாம்பழச் சாற்றுக்கு நான் அன்று மருந்து கூட்டியிருப்பேன். ஸ்ட்ரிப் குப்பியை உடனுக்குடன் மூடாவிட்டால் எங்கள் கடற்காற்றின் ஈரத்துக்கு அவை பழுதாகிவிடும். விலை காரணமாகத் தினமும் பார்க்க என்னால் இயலாது. மாதத்தில் இரண்டு நாட்களைத் தெரிந்து அந்த நாட்களில் ஏழு தடவை பார்ப்பதும், மற்ற நாட்களில் உடல் ஏதாவது சொன்னால் மட்டும் பார்ப்பதும் என்று வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்ப்பதைவிட அது எனக்குக் கூடுதலாகச் சொல்கிறது.

விரதத்தை விடவில்லை. ஆனால் இரண்டு கிழமைக்கு முன்பே வைத்தியரிடம் போய், எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்று எழுதி வாங்குகிறேன். 70க்குக் கீழே போனால் அந்த நிமிடமே விரதத்தை முடிப்பது என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பாறணைச் சோறு இப்போது ஒரு அகப்பை.

கிளினிக்குக்கு முதல்நாள் பட்டினி கிடப்பதையும் நிறுத்திவிட்டேன். போன மாதம் வெறும் வயிற்றில் 128 வந்தது. அங்கே புதிதாக வந்திருந்த இளம் வைத்தியர் கொப்பியைப் புரட்டி, "முந்தி 100க்குள்ள இருந்திருக்கு, இப்ப ஏன் அம்மா கூடியிருக்கு?" என்று கேட்டார். கைப்பைக்குள்ளிருந்த தாளை எடுத்து அவர் முன் வைத்தேன். ஏழு எண்கள், கீழே இடை 149, வீச்சு 81 என்று சிவப்பு மையால் எழுதியிருந்தேன். அவர் அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, முதல் எண்ணின் மேல் பேனையை வைத்து, "இது எத்தனை மணிக்குப் பார்த்தது?" என்றார். விடியப்புறம் நாலு மணி என்றேன். அங்கே 104 என்று இருந்தது.